நாற்பத்தொன்றரைப் புள்ளி

1953-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் பதினோராம் நாள், புதன்கிழமை, பிற்பகல் நான்கு மணிக்கு, ஒரு தீவின் கரையிலிருந்து கப்பலுக்குத் திரும்பியவர்கள் எண்ணப்பட்டார்கள். எண்ணிக்கை நாற்பத்தொன்றரை. புறப்பட்டபோதும் அதுவே. எண்ணிக்கையில் பிழை இல்லை. கரையில் மட்டும் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அதன்பின் பதின்மூன்றாம் நாள் முதல், கடலுக்கு நாற்பது மைல் தள்ளியிருக்கும் செவ்வூரணிப்பட்டியில், கண்ணப்பச் செட்டியார் வீட்டு முற்றத்தில் நாளுக்கு இருமுறை கடல் ஏறி இறங்குகிறது. இவ்விரண்டு செய்திகளையும் இன்றுவரை ஊரார் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. யாத்திரை முடிந்து மூன்று மாதம் கழித்து, வழவழப்பான தாளில் அச்சிட்டு வீடுதோறும் வழங்கப்பட்ட நினைவு மலரில், ‘சென்ற அனைவரும் நலமே மீண்டனர்’ என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அது பொய். அச்சேறிய பொய்யைப் பதினோராண்டுகளாக ஒருவரும் திருத்த முன்வரவில்லை என்பதே இவ்வரலாறு எழுதப்படுவதற்குக் காரணம்.

யாத்திரைக்கு ஏற்பாடு செய்தவர் ஆதப்பச் செட்டியார். அவ்வாண்டு அவருக்கு அறுபது நிறைந்தது. அறுபதாண்டுச் சாந்தியை எல்லாரும் ஊரில் பந்தலிட்டுக் கொண்டாடுவார்கள். அவருக்கோ பினாங்கில் பங்குக்கு வாங்கிய பழைய நீராவிக் கப்பல் ஒன்று இருந்தது. சரக்குக்கு உதவாத அக்கப்பலை வெள்ளையடித்து, மேல்தட்டில் பாய் விரித்து, பங்காளிகளையும் சம்பந்திகளையும் ஏற்றிக்கொண்டு, எட்டு நாள் கடலில் உலாவி, தென்னையும் வெண்மணலும் உள்ள ஒரு தீவில் ஒரு பகல் இறங்கிக் களித்து மீள்வது என்பது அவருடைய திட்டம். புறப்படும் இடமான கட்டுமாவடிக் கரையில் கப்பல் அணையும் ஆழமில்லை. ஆகையால் கரையிலிருந்து வள்ளங்களில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் சேர்த்தார்கள். அவ்வூர் வள்ளக்காரர் நாகராசு தம் வள்ளத்துடன் கப்பலிலேயே உடன் வந்தார். தீவில் இறக்கி ஏற்ற அவர் தேவைப்பட்டார்.

ஆட்களை எண்ணும் பொறுப்பு கண்ணப்பனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் ஆதப்பருக்குத் தம்பி முறை. ஊர்க் காரியங்களில் பத்தாண்டுகளாகப் புள்ளி எண்ணிப் பழகியவர். அந்தச் சமூகத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. மணமாகாதவர் எண்ணிக்கையில் வருவதில்லை. கோயிற் காரியமும் விருந்தழைப்பும் இந்த முறைப்படியே நடக்கின்றன. யாருக்கும் அதில் ஐயம் தோன்றியதில்லை. நாற்பத்தொரு தம்பதியர், சொர்ணவல்லி ஆச்சி என்னும் கைம்பெண் ஒருவர், ஆக நாற்பத்தொன்றரை. இருபத்திரண்டு பிள்ளைகளும் ஒன்பது வேலைக்காரர்களும் கப்பலில் இருந்தார்கள், எண்ணப்படவில்லை. கண்ணப்பனும் அவர் மனைவி சாலாவும் ஒரு புள்ளி. அவர்களுடைய மூத்த மகள் முத்தாளும், ஐந்து வயதான இளையவள் உமையாளும் எதுவும் இல்லை.

சாலாவுக்குக் கடல் பிடிக்கவில்லை. மூன்று நாளும் அவள் கப்பலின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தாள். முத்தாள் மட்டும் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பறக்கும் மீன்களைப் பார்த்தபடி, ஆத்தாளை வாவா என்று அழைத்துக்கொண்டே இருந்தாள். நான்காம் நாள் காலை தீவு தெரிந்தது. கப்பல் தலைவர் வைத்திருந்த படத்தில் அவ்விடத்தில் எதுவும் குறிக்கப்படவில்லை. ஆதப்பர் அதைப் படத்தின் குறையென்று கொண்டார்.

தீவு அழகாகத்தான் இருந்தது. மணல் அரைத்த பச்சரிசி மாவு போலிருந்தது. தென்னைகள் கடலைத் தொடும்படி சாய்ந்திருந்தன. ஆனால் தேங்காய் விழுந்தால் ஓசை எழவில்லை. சாலா மூன்று முறை அதைக் கவனித்து, காதில் கடல்நீர் அடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மரங்களுக்கிடையே மனிதர்கள் நின்றார்கள். ஆணும் பெண்ணும் கைக்குழந்தையும் இருந்தார்கள். சிலர் வேட்டி, சிலர் கிழிந்த கித்தான், ஒருவர் துறைமுகக் கூலிகள் கட்டும் தலைத்துணி. அவர்கள் இளநீர் சீவிக் கொடுத்தார்கள், கூலி கேட்கவில்லை. தமிழ் பேசினார்கள். ஆனால் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: பேர் என்ன?

ஆண்கள் தங்கள் ஊரையும் கோயிலையும் விலாசத்தையும் சொன்னார்கள். அவர்கள் பேச்சில் பெயர் கடைசியில்தான் வரும், அதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. பெண்கள் கணவன்மாரைப் பார்த்துச் சிரித்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வேலைக்காரர்கள் அடுப்பு மூட்டவும், மற்றப் பிள்ளைகள் அலையில் விளையாடவும் போய்விட்டார்கள். முத்தாள் ஒருத்திதான் விடை சொன்னாள். வயது கணிக்க முடியாத ஒரு பெண் அவள் முன் நின்றிருந்தாள். அவள் அந்தப் பெயரை வாய்க்குள் போட்டு மென்று பார்ப்பவள் போல உதட்டை அசைத்து, “இன்னொருக்காச் சொல்லு தாயி” என்றாள். முத்தாள் இன்னொரு முறை சொன்னாள். இருபது முழ தூரத்தில் மரநிழலில் இருந்த சாலா, காரணம் தெரியாமலே எழுந்து நின்றாள்.

“ஏ முத்தாள், வெயில்ல நிக்காத. இங்கிட்டு வா.”

“வாரேன் ஆத்தா.”

திரும்பும்போது வள்ளம் மூன்று நடை அடித்தது. சாலா இரண்டாம் நடையில், வாந்தியெடுத்து ஓய்ந்த உமையாளைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். முத்தாள் சொர்ணவல்லி ஆச்சியோடு மூன்றாம் நடையில் வருவாள் என்று நினைத்தாள். சொர்ணவல்லி ஆச்சி, பெண் தாயோடு இரண்டாம் நடையில் போய்விட்டாள் என்று நினைத்தார். மூன்றாம் நடையில் கண்ணப்பன் எழுந்து நின்று, விரலை நீட்டி நீட்டி எண்ணி, முன்னிரண்டு நடைகளையும் கூட்டி முடித்தார். நாகராசு துடுப்பைத் தூக்கவில்லை. வள்ளத்தின் பக்கப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“செட்டியாரே, ஒரு வெரக்கடை மெதந்து நிக்குது. காலையில கடைசி நடைக்கு இம்புட்டு மெதக்கல. தலையை ஒருக்கா எண்ணிருங்க.”

“எண்ணியாச்சுப்பா. நாப்பத்தொண்ணரை. சரியா இருக்கு.”

“அதென்னங்க அரை? அரை ஆளு எங்கிட்டு உக்காந்திருக்கு?”

வள்ளம் முழுதும் சிரித்தது. “நாந்தாண்டாப்பா அந்த அரை. ஆனா முழுசாத்தான் திங்கிறேன்” என்றார் சொர்ணவல்லி ஆச்சி, சிரிப்பு இன்னும் கூடியது.

நாகராசு சிரிக்கவில்லை. “எளநி குடிச்சுட்டு வாரவுகளுக்கு எடை கூடணுமே தவிர எப்பிடிங்க கொறையும்?”

“ஒன் வேலையப் பாரு. துடுப்பப் போடு” என்றார் கண்ணப்பன்.

விளக்கேற்றும் நேரத்தில் பிள்ளைகளின் பந்திக்கு இலை போட்ட சமையற்காரர் ஆண்டிச்சாமி, பரிமாறும் கரண்டியோடு சாலாவிடம் வந்தார். “ஆச்சி, பிள்ளைக பந்தியில ஒரு எலை சும்மாக் கெடக்குது. யாரு இன்னும் வரல?” என்றார். சாலா பந்தியைப் பார்த்தாள். பிறகு கப்பல் முழுதும் ஓடினாள். கப்பல் திரும்பியது. விடிந்தபோது, தீவு இருந்த இடத்தில் கடல் இருந்தது. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கினார்கள். நாற்பது பாகம், நாற்பது ஆள் ஆழம், போயும் தரை தட்டவில்லை. இரண்டு நாள் சுற்றினார்கள். ஒரு தேங்காய் மட்டை கூட மிதக்கவில்லை. குடிநீர் குறையவே கப்பல் ஊர் திரும்பியது. வழி நெடுக, கேட்டவருக்கும் கேளாதவருக்கும், எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது என்று கண்ணப்பன் சொல்லிக்கொண்டே வந்தார். அது உண்மையாயிருந்தது. சாலாவுக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிய அச்சமாயிருந்தது.

ஊரில், பெண் கப்பலில் காய்ச்சல் கண்டு இறந்தாள் என்று சொல்லப்பட்டது. சாந்தி நடந்த கப்பலைப் பற்றி வேறு பேச்சு எழக்கூடாது என்பது பெரியவர்களின் கருத்து. மலர் அச்சிட்டவர்களோ அந்தக் காய்ச்சலைக்கூட விட்டுவிட்டார்கள். சாலா பெண்ணுக்குக் கருமாதி செய்ய விடவில்லை.

பதின்மூன்றாம் நாள் நண்பகலில் முற்றத்துத் தூம்பு வழியே நீர் வந்தது. மழையில்லை. ஊருணி வற்றிக் கிடந்தது. நீர் தூம்பில் வெளியேறாமல் உள்ளேறி, முழங்கால் ஆழமுள்ள முற்றத்தைக் கணுக்கால் அளவு நிறைத்து, ஆறு மணி நேரத்தில் வடிந்தது. நாக்கில் வைத்தால் உப்பு. வடிந்த இடத்தில் அரைத்த பச்சரிசி மாவு போன்ற மணல் ஒரு பிடி கிடந்தது. அன்றிலிருந்து நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு நாளும் முக்கால் மணியளவு தள்ளி, பௌர்ணமிதோறும் சரியாகப் பிற்பகல் மூன்று மணிக்கு உச்சம் தொட்டு, கடல் வந்து போனது. முகப்பைத் தாண்டி ஒரு சொட்டும் தெருவுக்கு வரவில்லை. கண்ணப்பன் கட்டுமாவடியிலிருந்து நாகராசை வரவழைத்தார். அவர் நீரைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே ஊற்றினார். “இது எங்க கடலு இல்லீங்க. எங்க கடலு சேறு. இது அந்தக் கடலு” என்றார். சாப்பிடச் சொன்னதற்கும் நிற்காமல் பேருந்தேறிப் போய்விட்டார்.

ஓராண்டுக்குள் ஊர் பழகிவிட்டது. முற்றத்தில் சிக்கிய மீனை அண்டை வீட்டார் கூறு போட்டு வாங்கிப் போனார்கள்; நல்ல பாரைமீன், சந்தை விலையில் பாதி. உப்பு இலாகாவிலிருந்து ஒருவர் வந்து, முற்றத்தில் பூத்த உப்பு வரிக்குட்பட்டதா என்று விசாரித்து, மோர் குடித்துவிட்டுப் போனார். பொன்னமராவதியிலிருந்து உறவினர் வந்தால் வேளை பார்த்துக் காலை நனைத்துவிட்டுப் போனார்கள். தேக்குத் தூண்களின் அடி வெளுத்தது. சாலா மட்டும் பழகவில்லை. ஒவ்வொரு ஏற்றத்தின்போதும் அவள் முற்றத்தின் ஓரத்தில் உட்கார்ந்து நீரைப் பார்த்தாள். மகள் அதில் வரக்கூடும் என்பது அவளுடைய ஆசை. அதில் வருவது மகளாக இல்லாமற் போகக்கூடும் என்பது அவளுடைய அச்சம். இரண்டும் ஒரே நேரத்தில் அவள் நெஞ்சில் இருந்தன. எது மிகுதி என்று அவளால் சொல்ல முடியவில்லை.

1956-இல் காலடிகள் தொடங்கின. பௌர்ணமி ஏற்றம் வடிந்தபின், ஈரமான வெறுங்காற் சுவடுகள் நீரிலிருந்து ஏறி, நடையைக் கடந்து, உமையாள் படுக்கும் அறை வாசல்வரை போயிருந்தன. திரும்பிய சுவடு இல்லை. சுவடுகள் பல அளவில் இருந்தன. எட்டு வயதான உமையாளைக் கேட்டபோது, யாரோ வந்து பேர் கேட்கிறார்கள் என்றும், தூக்கக் கலக்கத்தில் தான் சொல்லவில்லை என்றும் சொன்னாள். சாலா அன்றிலிருந்து மகளைத் தன் கையெட்டும் தொலைவிலேயே வைத்துக்கொண்டாள்.

மறு ஆண்டு ஆவணிப் பௌர்ணமியன்று, முற்றம் கழுவும் சந்தனம் காணாமற் போனாள். நாற்பது வயதானவள், மணமாகாதவள், பதினாறு வயதில் அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தவள். நீர் வடிந்தபின் அவளுடைய துடைப்பம் மட்டும் முற்றத்தில் கிடந்தது. யாரிடமோ அவள் தன் பெயரை உரக்கச் சொன்னதை ஆண்டிச்சாமி அடுப்படியிலிருந்து கேட்டிருந்தார். வீட்டில் எண்ணிக்கை குறைந்ததாக யாருக்கும் தோன்றவில்லை; ஒரு புள்ளி அப்படியே இருந்தது. மறுநாள் கண்ணப்பன் குடும்பத்தைத் திருக்கோகர்ணத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு மாற்றினார். மூன்றாம் நாள் அந்த வீட்டுக் கிணற்றடியில் வெண்மணல் கிடந்தது. உமையாளின் பாயருகே நான்கு சுவடுகள். செவ்வூரணிப்பட்டியில் அந்த மூன்று நாளும் முற்றம் உலர்ந்து கிடந்ததாம். கடல் வீட்டைத் தேடி வரவில்லை என்பது அப்போது தெரிந்தது. அவர்கள் திரும்பி வந்தார்கள். கடலும் அவர்களோடு திரும்பி வந்தது.

மறு ஆண்டு இறுதியில் ஆண்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். எண்ணப்படாதவர்களைத்தான் அந்த நீர் நாடுகிறது. ஆகவே உமையாளை எண்ணத்தக்கவளாக்கிவிட வேண்டும். அதற்கு வழி திருமணம். ஆதப்பரின் பேரன் ஒருவன் இருந்தான். பெண்ணுக்கு அப்போது பதினொன்று. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சட்டம் இருபத்தொன்பதாம் ஆண்டிலேயே வந்துவிட்டது என்பதை அங்கிருந்த படித்தவர்கள் அறிந்திருந்தும் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தவள் சாலா. அவள் தனியாகப் புறப்பட்டுப் போய், ஊர்க் காரியக்காரர்கள் முன்னால் நின்றாள். பெண்கள் அங்கே வந்து நிற்கும் வழக்கம் இல்லை.

“என் பிள்ளையை இப்பவே புள்ளியில எழுதிக்கங்க. செத்தவளாச் சொன்னீகளே, அவளையும் எழுதுங்க. சந்தனத்தையும் எழுதுங்க.”

“ஆச்சி, கல்யாணம் ஆகாத பிள்ளையைப் புள்ளியில சேக்க வழக்கமில்லைங்க” என்றார் மூத்தவர், மிகுந்த மரியாதையுடன்.

“கடலு வீட்டுக்குள்ள வர்றதுக்கு வழக்கம் இருக்கா?”

“அது வேற விசயம்ங்க.”

அது வேறு விஷயம் என்று ஊர்க் காரியக்காரர்களின் ஏட்டில் எழுதிய குறிப்பு இன்னும் இருக்கிறது. வேறு விஷயம் அன்று என்பதை அறியப் பெரிய கல்வி வேண்டியதில்லை.

1959-ஆம் ஆண்டு தைப் பௌர்ணமியன்று திருமணம் பேசி முடிக்க நாள் குறித்தார்கள். நல்ல நேரம் பிற்பகல் மூன்றுக்கு வாய்த்தது. ஆதப்பர் வீட்டார் முகப்பில் உட்கார்ந்து தாம்பாளம் மாற்றத் தொடங்கியபோது, உள்ளே நீர் முதன்முறையாக முற்றத்தின் விளிம்பைக் கடந்து நடையில் ஏறியது. சாலா பட்டுப் புடவை மடிப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள். உமையாள் மாலையோடு முழங்காலளவு நீரில் நின்றுகொண்டிருந்தாள். அவளைச் சுற்றி யாரும் இல்லை. ஆனால் நீரின் மேற்பரப்பு, பலர் நெருங்கி நிற்கும் இடத்தில் குழிவது போல, அவளைச் சுற்றி வட்டமாகக் குழிந்திருந்தது. அவள் அண்ணாந்து யாருக்கோ விடை சொல்ல வாயெடுத்தாள்.

சாலாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பந்தியில் வெறுமையாய்க் கிடந்த இலைதான் அவள் கண்முன் வந்தது. அன்று யாரேனும் ஒருவர், ஒரே ஒருவர், பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால்! அவள் நீரில் இறங்கி, தொண்டை கிழியக் கூவினாள்.

“உமையாள்!”

குழந்தை திடுக்கிட்டுத் திரும்பினாள். “இருக்கேன் ஆத்தா.”

நீர் நின்றது. சாலா நிறுத்தவில்லை. மனைவி கணவன் பெயரைச் சொல்லும் வழக்கமில்லை; அவள் சொன்னாள். “கண்ணப்பன்!” முகப்பிலிருந்து ஓடிவந்தவர் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு, “இருக்கேன்” என்றார். “ஆண்டிச்சாமி!” “இருக்கேன் ஆச்சி, அடுப்படியில.” “சந்தனம்!” பிறகு நீருக்குள்ளிருந்து, துடைப்பத்தை உதறும்போது பேசும் அந்தப் பழைய சலிப்புக் குரல், “இருக்கேன் ஆச்சி” என்றது. முகப்பில் தாம்பாளம் விழுந்து உருண்டது. சாலா கண்ணை மூடிக்கொண்டு கடைசிப் பெயரைக் கூப்பிட்டாள். இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

“இருக்கேன் ஆத்தா.”

ஆறாண்டு கழிந்தும் அதே பதினைந்து வயதுக் குரல். சாலா அக்குரல் வந்த இடத்தை நோக்கிக் கைகளை நீட்டினாள், நீர்தான் தட்டுப்பட்டது.

“ஏண்டி, வாயேண்டி வீட்டுக்கு.”

“வாரேன் ஆத்தா. வள்ளம் ஒண்ணுதான் இருக்கு. எல்லாரையும் எண்ணி ஏத்துனாத்தான் கெளம்பணும். ஒருத்தரை விட்டுட்டும் நான் வரமாட்டேன். ஆனா பேரு இல்லாம எப்பிடி எண்ணுறது? கூப்பிட ஆளில்லாம இவுகளுக்குப் பேரே மறந்துபோச்சு.”

“எத்தனை பேருடி இருக்காக?”

“கரை நெறைய.” குரல் தாழ்ந்தது. “இவுகளுக்குப் பொறுமை இல்ல ஆத்தா. பேரு தேடி இவுகளே அங்கிட்டு வாராக. தங்கச்சிய வாயத் தெறக்க வேணாம்னு சொல்லு. நானாச் சொன்னேன், போயிட்டேன். நீ கூப்பிடு, அவ நிப்பா.”

நீர் வடிந்தது. தூணில் பார்த்தபோது, வழக்கத்தைவிட இரண்டு நெல் அளவு கீழே நின்றிருந்தது. ஆதப்பர் வீட்டார் தாம்பாளத்தைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். திருமணப் பேச்சு அத்தோடு நின்றது. அன்றிலிருந்து சாலா ஒவ்வோர் ஏற்றத்தின்போதும் வீட்டிலுள்ளவர்களைத் தலைவாரியாகப் பெயர் சொல்லி அழைத்தாள். வேலைக்கு வந்த கொத்தனார், பால்காரர், விருந்துக்கு வந்தவர், தொட்டிற்பிள்ளை, ஒருவரும் விடுபடவில்லை. சுவடுகள் அறை வாசலைத் தாண்டவில்லை. ஆனால் அங்கிருந்து திரும்பவும் இல்லை.

பிறகு பிறர் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் நாகராசு. புயலில் தம்மோடு புறப்பட்டுத் தம்மோடு திரும்பாத கூலிக்காரர் ஒருவரின் பெயரை, முப்பதாண்டு கழித்துக் கூப்பிட்டார். விடை வந்தது. அதன்பின் அவர் முன்போல் அவசரப்படவில்லை; இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். பொன்னமராவதிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஞானமணி என்னும் தாதி வந்தாள். நாற்பத்திரண்டில் ரங்கூனிலிருந்து ஓடிவந்த கப்பலில் அவளுக்கு ஒரு தம்பி பிறந்தான். ஏறும்போது பட்டியலில் இல்லாதவன், இறங்கும்போது கையிலும் இல்லாதவன். தாய் மட்டுமே அறிந்திருந்து தன்னிடம் சொல்லிப்போன பெயரை அவள் சொன்னாள். நீரிலிருந்து பச்சைக் குழந்தையின் அழுகை கேட்டது. ஞானமணி முற்றத்து விளிம்பில் உட்கார்ந்து, அழுகை ஓயும்வரை தாலாட்டிவிட்டு, மாலைப் பேருந்தில் வேலைக்குத் திரும்பினாள்.

கண்ணப்பன் இவை எல்லாவற்றையும் தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அழைத்தால் விடை சொல்வார். தாமாக ஒரு பெயரும் அழைத்ததில்லை. 1961-ஆம் ஆண்டு ஒரு நாள், சாலா காய்ச்சலில் படுத்திருந்தபோது ஏற்ற நேரம் வந்தது. அழைக்க வேறு ஆளில்லை. அவர் நீர் விளிம்பில் போய் நின்றார். விரலை நீட்டி எண்ணிப் பழகிய கை தானாக நீண்டது. அதை அவர் மடக்கிக்கொண்டார். பிறகு, “முத்தாள்” என்றார். “இருக்கேன் அப்பச்சி” என்று உடனே வந்தது, காத்திருந்தது போல. “எண்ணுனது நாந்தாம்மா” என்றார் அவர். “தெரியும் அப்பச்சி. நீங்க எண்ணுனது இங்க கேட்டுச்சு” என்றாள் அவள். மறுநாள் முதல் அவர் ஊர்ப்புள்ளி எண்ணும் பொறுப்பை விட்டுவிட்டார்.

இப்போதைய நிலை இதுதான். பௌர்ணமிதோறும் நீர் ஒரு விரற்கடை உயர்கிறது. புதிதாக ஒரு பெயர் அழைக்கப்பட்டு நீரிலிருந்து விடை வந்தால் ஒரு நெல் அளவு தாழ்கிறது. எட்டு நெல் ஒரு விரல். ஆகவே மாதம் எட்டுப் பெயர் வந்தால் கடல் நிலைத்து நிற்கும். மிகுதியாக வந்தால் பின்வாங்கும். எல்லாப் பெயரும் வந்து சேர்ந்தால் வள்ளம் புறப்படும். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பேர் விடை சொல்லியிருக்கிறார்கள். சென்ற கார்த்திகையில் வந்த பெயர்கள் மூன்று. மார்கழியில் இரண்டு. தையில் ஒன்றும் இல்லை. உமையாளுக்குப் பதினாறு வயது. பள்ளியிறுதி வகுப்புக்குப் படிக்கிறாள். அவள் அறையின் வாசற்படிக்கும் நீருக்கும் இடையே நான்கு விரற்கடை இருக்கிறது. படியைத் தாண்டினால், வாசலில் நிற்பவர்கள் உள்ளே போவார்கள். எத்தனை நாள்தான் ஒரு பெண் உறக்கத்திலும் வாயைக் கட்டிக்கொண்டிருப்பாள்? சாலாவுக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. அவள் குரல் கம்மத் தொடங்கிவிட்டது. ஆனாலும் ஏற்ற நேரத்தில், துவைத்த துணியை உலர்த்துவதை நிறுத்திவிட்டு வந்து அழைக்கிறாள்; விடை கேட்டபின் போய் மீதித் துணியை உலர்த்துகிறாள். முற்றத்தில் கடல் இருப்பது அவ்வீட்டில் இப்போது ஒரு செய்தியே அன்று.

ஆகவே, இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள் இதைக் கதையென்று மூடி வைக்க வேண்டாம். உங்கள் குடும்பமும் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு கப்பலேறியது. ஏதோ ஒரு துறையில், ஏதோ ஒரு தோட்டத்தில், எண்ணிக்கை சரியென்று சொல்லிவிட்டு யாரையோ நிற்கவிட்டுப் புறப்பட்டது. அவர் பெயர் உங்கள் வீட்டில் ஒருவருக்கேனும் தெரியும், சொல்லாமல் இருக்கிறீர்கள். வருகின்ற மார்ச்சு இருபத்தெட்டாம் நாள், சனிக்கிழமை, பங்குனிப் பௌர்ணமி. திருமயத்தில் இறங்கிச் செவ்வூரணிப்பட்டிக்கு ஒரு மணிப் பேருந்தைப் பிடியுங்கள். மூன்று மணிக்கு முன் முற்றத்து ஓரத்தில் வந்து நில்லுங்கள். காலை நீரில் வைக்காதீர்கள். விடை வந்தால் ஓடாதீர்கள். உங்கள் பெயரை யார் கேட்டாலும், எவ்வளவு கனிவாகக் கேட்டாலும், சொல்லாதீர்கள். விட்டு வந்தவர் பெயரைச் சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள்.